டைகர் உட்ஸ் சிறுவயது சாதனைகள்: சரியான கணக்கு என்ன?

கடலோரன்:
கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 3 வயதில் 9 ஹோல்களை (பந்தைப் போடும் குழிகள்) 48 ஷாட்டில் முடித்தார் என்று எங்கும் எழுதுகிறார்கள். அந்த வயதுக் குழந்தைக்கு அவ்வளவு தூரம் அடிக்கப் பலம் ஏது? ஜூனியர் வேர்ல்டு, யுஎஸ் ஜூனியர் அமெச்சூர், யுஎஸ் அமெச்சூர் மூன்றையும் ஒரே போட்டி மாதிரி குழப்புகிறார்கள். வருஷத்தோடு யாராவது சொல்லுங்களேன்.

பசும்புல்:
அந்த 48, கலிபோர்னியா சைப்ரஸில் இருந்த கடற்படை மைதானத்தில் ஆடியது. போட்டி ஸ்கோர் இல்லை, சாதனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 1978-ல் மைக் டக்ளஸ் டிவி நிகழ்ச்சியில் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புடன் பந்தை உருட்டியதும் அப்படித்தான்.

ஜூனியர் வேர்ல்டு சான் டியேகோவில் வயதுப் பிரிவுவாரியாக நடப்பது. 1984-ல் இருந்ததிலேயே இளைய பிரிவு 9-10. அதில் 8 வயதில் ஆடி ஜெயித்தார். மொத்தம் 6 பட்டம், அதில் 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு.

யுஎஸ் ஜூனியர் அமெச்சூர் அப்போது 18 வயது நிரம்பாதவர்களுக்கு. 1991, 92, 93 மூன்றும் அவருடையவை. முதல் பட்டத்தின்போது வயது 15. மிக இளையவர் என்ற அந்தச் சாதனையை 2010-ல் ஜிம் லியு முறியடித்தார்.

யுஎஸ் அமெச்சூருக்கு வயது வரம்பு கிடையாது. 1994, 95, 96 தொடர்ந்து மூன்று. 1994 இறுதி 36 ஹோல் ஆட்டம், அதிக ஹோல்களை ஜெயிப்பவருக்கு வெற்றி. ட்ரிப் குயூனியிடம் ஒரு கட்டத்தில் 6 ஹோல் பின்தங்கி, கடைசியில் 2 ஹோல் வித்தியாசத்தில் வென்றார். சிறுவயதுச் சாதனைகளில் எனக்கு இதுதான் உச்சம்.

ஏழாம் அயர்ன்:
பலம் பற்றிக் கேட்டீர்கள். 4 வயதிலிருந்து கற்றுக்கொடுத்த ரூடி டியூரன், லாங் பீச் ஹார்ட்வெல் மைதானத்தில் டைகருக்கென்று தனி பார் (ஒரு ஹோலை முடிக்க ஆகும் என்று குறித்த ஷாட் எண்ணிக்கை) வகுத்தார். அங்கே 18 ஹோல்களுக்கும் பார் 3, பெரியவர்களுக்கு மொத்தம் 54. குழந்தைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அப்படிப் பார் போடும் முறை சுலபம். பிள்ளை நன்றாக அடித்தால் 60 கெஜம் போகும், ஹோல் 140 கெஜம் என்றால் கிரீனை (குழி இருக்கும் புல்தரை) தொட 3 ஷாட், பட் (குழிக்குள் உருட்டும் ஷாட்) 2, ஆக பார் 5. நாலில் முடித்தால் பாருக்கு ஒன்று குறைவு, அது பேர்டி. தூரம் கூடக்கூட பாரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஸ்கோர்கார்டில் உள்ள 3-ஐயே பிடித்துக்கொண்டால் பிள்ளை எட்டாத தூரத்துக்கு முரட்டுத்தனமாக வீசும். உடம்பு பின்னால் சாய்ந்து ஸ்விங்கே கெட்டுவிடும்.

அப்பா ஏர்ல் உட்ஸ் சொல்லிக்கொடுத்த வரிசையும் ஹோலிலிருந்து பின்னோக்கித்தான்: முதலில் பட், பிறகு சிப் (கிரீன் ஓரத்துக் குட்டை ஷாட்), பிட்ச் (பந்தை உயரத் தூக்கும் குட்டை ஷாட்), கடைசியில் முழு ஸ்விங். 3 அடி தூரத்திலிருந்து பட் செய்யப் பலமே வேண்டாம்.

கடலோரன்:
நன்றி சார். பிள்ளைக்குப் பெரியவர்களின் கிளப்பை (கோல்ஃப் மட்டையை) வெட்டிக் கொடுத்தால் போதுமா?

ஏழாம் அயர்ன்:
பட்டருக்கு (பந்தை உருட்டும் கிளப்) பரவாயில்லை. அயர்னுக்கு (உலோகத் தலை கிளப்) வேண்டாம். 7-ம் நம்பர் அயர்னின் தலை மட்டுமே ஏறக்குறைய 270 கிராம். தண்டை வெட்டினாலும் அந்தக் கனம் குறையாது. தண்டு குட்டையாகும்போது இன்னும் விறைத்துப்போகும். பிள்ளையின் மணிக்கட்டு தாங்காமல், மேலே தூக்கும்போதே மடங்கிவிடும். உயரத்துக்கேற்ற, தலை லேசான சிறுவர் செட்டில் பட்டர், வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் கிளப்), 7 அயர்ன், ஒரு ஃபேர்வே வுட் (தூரம் அடிக்கும் கிளப்), இந்த நாலு போதும்.