கலைச்சொல் விவாதம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ‘ஒரிஜினல்’ என்பதற்கு ஒரே சொல் போதுமா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரிப்போர் வாய்க்கு வாய் சொல்லும் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு ‘அசல்’ என்று எழுதிவிட்டுப் போகலாம் என இருவர் சொன்னார்கள். ‘முதலுறுப்பு’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. கார்களை ஆராயும் முறை பற்றிய குறிப்பொன்றை நான் இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் இந்த ஒரு சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வருகிறது. மூன்றுக்கும் ‘அசல்’ என்று எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கே வாக்கியம் விளங்கவில்லை. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

‘அசல்’ நல்ல சொல்தான். ஆனால் அதற்கு எதிரில் நிற்பது ‘நகல்’. பத்திரத்துக்கு அது பொருந்தும். செவர்லே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில், 1967-ஆம் ஆண்டுக் கார் ஒன்றில் அதே ஆண்டைச் சேர்ந்த வேறொரு கார்வெட்டின் என்ஜினைக் கழற்றி மாட்டினால், அந்த என்ஜின் நகலாகிவிடாது; அதுவும் செவர்லேயின் அசல் என்ஜின்தான். ஆயினும் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார், ஏனென்றால் அது இந்தக் காரோடு சேர்ந்து ஆலையைவிட்டு வெளிவந்த என்ஜின் அன்று. ‘முதலுறுப்பு’ என்பதில் வேறு சிக்கல்: நம் இலக்கணத்தில் ‘முதல்’ என்றால் முழுப்பொருள், அதன் உறுப்பு ‘சினை’, ஆகவே முதலும் உறுப்பும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வது தமிழ் படித்தவர் காதுக்கு உறுத்தும்.

சேகரிப்பாளர் கேட்பது, கர்ணனுக்குக் கவசகுண்டலம் போல இந்த உறுப்பு இந்தக் காரோடு பிறந்ததா என்பதைத்தான். எனவே என் பரிந்துரை ‘உடன்பிறந்த’ என்பது: உடன்பிறந்த என்ஜின், உடன்பிறந்த கியர்பாக்ஸ், உடன்பிறந்த கண்ணாடி. இதைச் சுருக்கிப் ‘பிறப்புறுப்பு’ என்று எழுத வழியில்லை; அச்சொல்லுக்கு வேறு பொருள் என்றோ நிலைத்துவிட்டது. ‘பிறவி என்ஜின்’ என்றால் பிறவிக் குறை, பிறவி நோய் என்ற வழக்குகள் நினைவுக்கு வந்து, ஏதோ பழுதோடு வந்த என்ஜின் என்று தோன்றும்.

இதைவிட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்றும் சொல்கிறார்கள். அதை நம்மில் சிலர் ‘எண்பொருத்தம்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் அது சான்றைக் குறிக்கும் சொல்லே தவிர உண்மையைக் குறிக்கும் சொல் அன்று. 1960-களின் பிற்பகுதியில் வந்த கார்வெட்டின் என்ஜினில், முன்பக்கம் வலப்புறம், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். அதில் உறுப்புகளைச் சேர்த்து என்ஜின் பூட்டப்பட்ட ஆலை, மாதம், நாள், என்ஜினின் வகை ஆகியவற்றைச் சொல்லும் எழுத்துகளும், காரின் வரிசை எண்ணும் தட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். வி 0314 எச்இ என்று இருந்தால், ஃபிளின்ட் ஆலையில் மார்ச் 14 அன்று பூட்டிய என்ஜின் என்று பொருள். அந்த எண்ணைப் படிப்பதோடு நிற்பவர் பாதி வேலைதான் செய்தவர். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் எழுத்துகளுக்கு அடியில், ஆலை எந்திரம் அந்தத் தளத்தைச் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். என்ஜினைச் சீரமைக்கும்போது இந்தச் சமதளத்தோடு சேர்த்து மேல்தளத்தை மறுபடி சீவினால் கோடுகளும் எண்களும் ஒருசேரப் போய்விடும். பிறகு யாரோ ஒருவர் வேண்டிய எண்ணைப் புதிதாகத் தட்டிக்கொள்ளலாம். அப்போது எண் பொருந்தும், என்ஜின் உடன்பிறந்ததாக இராது. நேர்மாறாக, எண் அழிந்துபோன உடன்பிறந்த என்ஜினும் உண்டு. ஆகவே இரண்டு சொற்களும் வேண்டும், ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது என்பதே இம்மடலில் நான் வலியுறுத்த விரும்புவது.

தேதிகளும் இதே வகைச் சான்றுதான். என்ஜின் பிளாக்கில் வார்ப்பு நாள் புடைப்பெழுத்தாக நிற்கிறது. முதல் எழுத்து மாதத்தைக் காட்டும், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். வார்த்த நாள் முதலில், பூட்டிய நாள் அடுத்து, கார் முடிந்த நாள் கடைசியில் என்ற வரிசை பிறழ்ந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. இதற்கு ‘நாள்வரிசை’ என்ற எளிய சொல்லே போதும்.

அடுத்தது ‘காலமொத்த’ என்ற சொல். 1963-இல் மட்டும் கார்வெட் கூப்பேயின் (நிலையான கூரையுள்ள வகையின்) பின்கண்ணாடி நடுவில் ஒரு தண்டால் இரண்டாகப் பிரிந்திருந்தது. பின்னால் பார்க்க இடைஞ்சல் என்று உரிமையாளர்கள் பலர் அந்தத் தண்டை அறுத்தெறிந்து 1964-இன் ஒற்றைக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். பின்னாளில் மதிப்பு ஏறியதும் மீண்டும் தண்டு வைக்கப்பட்ட கார்களும் உண்டு. அப்படித் திரும்ப வைத்தது அதே ஆண்டின் வேறொரு காரிலிருந்து எடுத்ததானால் அது காலமொத்தது. புதிதாகச் செய்ததானால் மறுவாக்கம். மறுவாக்கத்தைப் ‘போலி’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. மறுவாக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரிடம் பொய் இல்லை. எண்ணை மாற்றித் தட்டியவரிடம்தான் பொய் இருக்கிறது, ‘போலி’ அங்கே பயன்படட்டும்.

ஆலையின் கை பட்ட சின்னஞ்சிறு அடையாளங்களுக்கு ‘ஆலைத்தடம்’ என்கிறேன். 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப்பின் முதல் கார்களில் பானட்டை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்க வேண்டும். காற்றுத் துளைவரிசைகள் தனித் தகடாகச் செய்து பற்றவைக்கப்பட்டிருந்தன, பிறகுதான் பானட்டிலேயே அழுத்தி எடுத்தார்கள். போர்ஷே 356-இல் மூடிகளையும் கதவுகளையும் ஒவ்வோர் உடலுக்கும் தனித்தனியே கையால் பொருத்தியதால், அவை இடம் மாறிவிடாதிருக்கக் காரின் எண்ணில் கடைசி இலக்கங்களைத் தகட்டின் மறைவிடத்தில் தட்டிவைத்தார்கள். அந்த இலக்கங்களை யாரும் காட்சிக்காக இடவில்லை, வேலைக்காக இட்டார்கள்; அதனால்தான் எனக்கு அவை விலைமதிப்புள்ளவையாகப் படுகின்றன. பூச்சு வழிந்து உறைந்த ஒரு சொட்டும் ஆலைத்தடமே. அதைத் தேய்த்து ஆலை ஒருநாளும் தராத பளபளப்பை ஏற்றுவதற்கு ‘மிகைச்சீரமைப்பு’ என்ற சொல் முன்பே இக்குழுவில் வந்தது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

‘உடன்பிறப்பு’ என்றால் அண்ணன் தம்பிதானே என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்க்கிறேன். பெயர்ச்சொல்லாக அதைப் பயன்படுத்த வேண்டாம். ஆய்வுப் படிவத்தில் ‘உடன்பிறந்தவை’, ‘காலமொத்தவை’, ‘மறுவாக்கங்கள்’ என்று மூன்று பத்திகள் இட்டால் குழப்பம் வராது.

எனக்குத் தீராதது பூச்சு மட்டும்தான். அது உறுப்பு அன்று என்பதால் ‘உடன்பிறந்த பூச்சு’ ஒட்டவில்லை; ‘முதற்பூச்சு’ என்றால் வண்ணத்துக்கு அடியில் பூசும் பிரைமரை நினைப்பார்கள். இப்போதைக்கு ‘ஆலைப்பூச்சு’ என்று எழுதிவருகிறேன்: “இடக்கதவில் ஆலைப்பூச்சு உள்ளது, வலக்கதவு பின்னர் பூசப்பட்டது.” இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்.