கவுன்டர்ஃபேக்சுவல்: "இன்றேல் நிலை" சரிப்படுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக இந்த இழையில் பேசிவரும் இரண்டு ஆங்கிலச் சொற்களில் முதலாவது கன்ட்ரோல் குரூப், அதாவது திட்டம் போய்ச் சேராத, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் குழு. அதற்குக் "கட்டுப்பாட்டுக் குழு" வேண்டாம் என்று தேவகோட்டை ஐயா எழுதியதற்கு என் ஓட்டும் உண்டு. எங்கள் பக்கம் கட்டுப்பாடு என்றால் ஊர்க் கட்டுப்பாடு. ஆய்வறிக்கையில் "கட்டுப்பாட்டுக் குழு" என்று படித்தால், யாரையோ தள்ளிவைக்கக் கூடியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். "ஒப்புக்குழு" போதும். அதை முடித்துவிடலாம்.

> கவுன்டர்ஃபேக்சுவலுக்கும் ஒப்புக்குழு என்றே போட்டுவிடலாமே. இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. கவுன்டர்ஃபேக்சுவல் என்பது, திட்டமே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நிலை. இந்த மடல் நீளப் போவதற்கு அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு நிதித் திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கையைத் தமிழாக்கும் வேலை வந்தது. காரைக்குடிக்குக் கிழக்கே ஒரு கண்மாயைத் தூர் வாரியிருந்தார்கள். அறிக்கையில் இரண்டு படங்கள்: முன்பு, வெடித்துக் கிடக்கும் களிமண், பின்பு, கலுங்கு தாண்டி ஓடும் தண்ணீர். நேரில் பார்த்துவிடுவோமே என்று போனேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம், "தூர் வாரினதும் நல்லாப் பெருகிருச்சு போல" என்றேன்.

"வாராட்டியும் இந்த வருசம் பெருகியிருக்கும்யா. பேஞ்ச மழை அப்படி. அந்தா அடுத்த கம்மாயப் பாரு, ஒரு சட்டி மண்ணு அள்ளல. அதுவும் பெருகித்தான் கெடக்கு."

கவனியுங்கள், அவர் இரண்டு விஷயம் சொன்னார். "அடுத்த கம்மாய்" ஒப்பு. கண்ணுக்குத் தெரிகிறது, அளக்கலாம். "வாராட்டியும்" என்பது வேறு. இதே கண்மாய், இதே மழை, ஆனால் தூர் வாராமல் விட்டிருந்தால்? அதை யாரும் பார்க்க முடியாது. இதுதான் கவுன்டர்ஃபேக்சுவல். அடுத்த கண்மாயைக் காட்டி இதை ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் எங்கே இடிக்கும் என்பதற்குக் கென்யாவின் புசியா மாவட்டம் நல்ல உதாரணம். 1998-இல் தொடங்கி, 75 பள்ளிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் எட்வர்ட் மிகுவலும் மைக்கேல் கிரெமரும் செய்த ஆய்வு. மாத்திரை கொடுத்த பள்ளியில் புழு குறைந்ததும், கொடுக்காத பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொற்று குறைந்தது. ஆக, ஒப்புப்பள்ளியே மாத்திரையின் பலனை அனுபவித்துவிட்டது. அந்த வட்டாரத்தில் மாத்திரையே வராமல் இருந்திருந்தால் உள்ள நிலை அதைவிட மோசம். ஒப்பு ஒன்று, நாம் பெயர் தேடும் பொருள் வேறொன்று. பெயர் ஒன்றானால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது.

சரி, இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள். "எதிர்மெய்" பார்க்க அழகு, ஆனால் காதில் பொய் என்றே விழுகிறது. "இல்லாநிலை" எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஏழை நாடுகளைப் பற்றிய அறிக்கையில் போட்டுப் பார்த்ததும் கைவிட்டேன். எல்லோரும் வறுமை என்று படிக்கிறார்கள். "செய்யாநிலை" பரவாயில்லை, ஆனால் அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

என் முன்மொழிவு "இன்றேல் நிலை". அப்பத்தாவின் "வாராட்டியும்" என்பதில் உள்ள "இல்லையென்றால்" இதில் அப்படியே இருக்கிறது. போட்டுப் பார்ப்போம். ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கத்து ஊர்களில் பொருளியலாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் செய்த தடுப்பூசி ஆய்வு: முகாம் நடத்திய ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 18 விழுக்காடு, முகாமோடு ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. "ஒப்பூர்களைக் கொண்டு கணித்த இன்றேல் நிலை 6 விழுக்காடு" என்று எழுதினால் தடுக்காமல் போகிறது, இல்லையா? நம் ஊர்ப் பேரேட்டுக்காரர்கள் கேட்டால் "இன்றேல் கணக்கு" என்றும் சொல்லலாம். பற்று, அதாவது செலவு, ஏட்டில் இருக்கும். வரவை, அதாவது திட்டத்தின் பலனைத்தான், இன்றேல் நிலையைக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம், ஒப்புக்குழுவே கிடைக்காத இடங்களும் உண்டு. ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் என்ன செய்தது என்று கேட்டால் பெரும்பாலும் இந்தச் சிக்கல்தான். நம் சிக்ரியையே, அதாவது காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையே எடுங்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் கொடை இல்லாதிருந்தால்? காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வந்திருக்காது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேறு ஏதாவது ஊரில் வந்திருக்கலாம். ஆகவே காரைக்குடிக்கு இன்றேல் நிலை ஒன்று, நாட்டுக்கு இன்றேல் நிலை இன்னொன்று. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு காரைக்குடி கிடையாது. ஊர்ப்பெருமையில் நாங்கள் முதல் கணக்கை மட்டும்தான் சொல்வோம். நிதி கொடுப்பவர்களுக்கும் அதே பழக்கம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

*

> சொல் சரி. ஆனால் சேர்த்து எழுதினால் லகரமும் நகரமும் புணர்ந்து "இன்றேனிலை" ஆகுமே? இலக்கணப்படி அதுதான் முறை.

முறைதான் ஐயா, மறுக்கவில்லை. வீட்டில் எழுதிக் காட்டினேன்; "இது என்ன, தேன் கம்பெனியா?" என்று கேட்டார்கள். பிரித்தே எழுதுவோம். "இன்றேல் கணக்கு" என்பதில் இந்தத் தொல்லை குறைவு, வேண்டுமானால் பட்டியலில் அதை முதலில் போடுங்கள்.