சின்ன காருக்கு எது சரி: செயினா, கேபிளா, டயர் சாக்ஸா? டாஹோ போகிறவர்களின் அனுபவப் பகிர்வு

சான் ஓசேயிலிருந்து:

கலிஃபோர்னியா-நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரி மலைப்பக்கம் பனிக்காலத்தில் போனால், வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுவதுதான் இந்தச் செயின். கடையில் போய் "டொயோட்டா பிரியஸுக்கு ஒரு செயின் கொடுங்க" என்று கேட்பதில்தான் தப்பு தொடங்குகிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் 195/65ஆர்15 டயரோடும் வந்தது, 215/45ஆர்17 டயரோடும் வந்தது. முந்தைய ஓனர் ரிம்மையே மாற்றியிருக்கலாம். அதனால் கார் பெயரை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள். டப்பாவின் மேலுள்ள அட்டவணையில் அதே எண் அப்படியே இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் எவ்வளவு இறுக்கினாலும் தொங்கும்.

சைஸ் பொருந்திவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சின்ன காரில் இடிப்பதெல்லாம் டயரின் உள்பக்கம். முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட், அதன் மேல் ஸ்பிரிங் உட்காரும் தட்டு, பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் எல்லாம் கைக்குத் தட்டுப்படும். இடம் குறைவான கார்களுக்கு எஸ்ஏஇ (வாகனத் தரங்களை வகுக்கும் பொறியாளர் சங்கம்) வகுத்திருப்பது 'கிளாஸ் எஸ்': டயரின் உருளும் முகத்துக்கு மேல் குறைந்தது 37 மி.மீ., பக்கவாட்டில் குறைந்தது 15 மி.மீ. இடைவெளி வேண்டும். ஸ்கேல் உள்ளே போகாது. இரண்டு பென்சிலைச் சேர்த்துப் பிடித்து டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். உரசாமல் தாராளமாகப் போனால்தான் கிளாஸ் எஸ் பற்றி யோசிக்கவே முடியும். ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் ஒடித்து இதையே திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் நேராக இருக்கும்போது கிடைக்கும் இடம் ஒடித்தால் குறையும்.

கார் மேனுவலில் "இந்த டயர் அளவுக்குச் செயின் கூடாது" என்று இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. அதே காரின் சின்ன ரிம்முக்கு அனுமதி இருந்தால், குளிர்காலத்துக்கு மட்டும் அந்த ரிம்மில் விண்டர் டயர் போட்டு வைப்பதுதான் நல்ல வழி.

ரீனோவிலிருந்து:

மேலே சொன்ன இடைவெளி சோதனையில் தேறினால் அடுத்தது வகை. இரும்பு வளையச் செயின்தான் ஐஸை நன்றாகக் கடிக்கும். வளையம் அறுந்தால் ரிப்பேர் லிங்க் போட்டு ஓட்டலாம். ஆனால் கனம் அதிகம், இடமும் அதிகம் பிடிக்கும். ஏணிப் படி போலக் குறுக்கே மட்டும் ஓடும் மாடலில், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் வெறும் ரப்பர்தான் ரோட்டில் படுகிறது. வளைவில் கார் பக்கவாட்டில் நழுவுவது அப்போதுதான். வைர வடிவப் பின்னலில் எப்போதும் ஏதாவது ஒரு கண்ணி தரையில் இருக்கும், அதிர்வும் குறைவு.

கேபிள் செயின் மெல்லியது. கிளாஸ் எஸ் கார்களில் பெரும்பாலும் இதுதான் நுழையும். வெறும் தாரில் சீக்கிரம் தேயும், கம்பி பிரிந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் மலை ஏறும் சின்ன காருக்கு, இறுக்கும் ரப்பர் கூடவே வரும் மூலைவிட்டக் கேபிளைத்தான் நான் சொல்வேன்.

ரிம் ஓட்டைக்குள் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை வாங்காதீர்கள். சின்ன ரிம்மில் பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் பெரும்பாலும் இடம் ரொம்பக் குறைவு. பட்டை காலிப்பரில் இடித்து அறுந்துவிடலாம்.

ஃப்ரீமான்டிலிருந்து:

டயர் சாக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. துணிதான், ஆனால் புதுப் பனியிலும் இறுகிய பனியிலும் நன்றாகவே பிடிக்கும். உலோகம் இல்லாததால் ஸ்ட்ரட்டைப் பதம் பார்க்காது. மேல் பாதியை மாட்டி, காரை அரைச்சுற்று நகர்த்தி, மீதியை இழுத்துவிட்டால் போதும். சில மீட்டர் ஓடியதும் தானே நடுவுக்கு வந்துவிடும். பலவீனம் இரண்டு. பளபளவென்று உறைந்த ஐஸில் இரும்புக்கு ஈடாகாது, பனி விலகிய தார் ரோட்டில் சீக்கிரம் கிழியும். டாஹோ பக்கம் போகும் ஐ-80 நெடுஞ்சாலையில் பனியும் தாரும் மாறி மாறி வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

சாக்ரமென்டோவிலிருந்து:

மாட்டும் முறை. முன்சக்கர இழுவை கார் என்றால் முன் சக்கரங்கள், பின்சக்கர இழுவை என்றால் பின் சக்கரங்கள். நாலுசக்கர இழுவைக்கு மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுங்கள். கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும். டயர் மேல் போர்த்தி, முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம். அடியில் சிக்கிய பகுதிக்காகக் காரை ஒரு அடி நகர்த்த வேண்டிவரும். இறுக்கியதும் சில நூறு அடி ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்குங்கள். இதை விட்டவர்களின் கார்தான் கொஞ்ச தூரத்தில் 'டப் டப்' என்று அடிக்கும். அது தொய்ந்த முனை மட்கார்டு லைனரில் அறையும் சத்தம். உடனே நிறுத்துங்கள், அடுத்து அறை விழப்போவது ஏபிஎஸ் வயரிலோ பிரேக் ஹோஸிலோதான். மிச்சம் தொங்கும் முனையைக் கொக்கியிலேயே மடக்கி மாட்டுங்கள்.

வேகம் மணிக்கு 30 மைலைத் தாண்டக்கூடாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டாலும் குறுக்குக் கம்பி அறும்.

முன்சக்கரத்தில் மட்டும் செயின் இருக்கும்போது இறக்கத்தில் கவனம். முன்னால் பிடி, பின்னால் வழுக்கல். வளைவுக்குள் பிரேக் அடித்தால் காரின் வால் சுற்றிவரும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ட்ரக்கியிலிருந்து:

கால்ட்ரான்ஸ் (கலிஃபோர்னியா மாநிலப் போக்குவரத்துத் துறை) விதி மூன்று படி. ஆர்-1 என்றால் இழுவைச் சக்கரத்தில் செயினோ மாற்றுச் சாதனமோ ஸ்நோ டயரோ வேண்டும், நாலுசக்கர இழுவைக்கு விலக்கு. ஆர்-2 வந்தால் நாலு சக்கரத்திலும் ஸ்நோ டயர் போட்ட நாலுசக்கர இழுவை வண்டி மட்டும் தப்பும், அதுவும் செயினைக் கூடவே வைத்திருக்க வேண்டும். முன்சக்கர இழுவைச் சின்ன காரில் விண்டர் டயர் இருந்தாலும் ஆர்-2-இல் செயினோ மாற்றுச் சாதனமோ மாட்டியே ஆக வேண்டும். ஆர்-3-இல் எல்லாருக்கும் செயினோ மாற்றுச் சாதனமோ கட்டாயம், பெரும்பாலும் அதற்கு முன்பே ரோட்டை மூடிவிடுவார்கள். 'எம்+எஸ்' (சேறு, பனிக்கான) டயர் ஸ்நோ டயர் கணக்கில் சேர, பள்ளம் 6/32 அங்குலமாவது மிச்சமிருக்க வேண்டும்.

ரோட்டோரம் மாட்டிக்கொடுப்பவர்கள் கால்ட்ரான்ஸ் ஊழியர்கள் அல்ல, தனித் தொழில் செய்பவர்கள். அவர்களுக்குச் செயின் விற்கவோ வாடகைக்கு விடவோ அனுமதி இல்லை. பணம் கொடுத்தால் ரசீது வாங்கி, அவர்கள் அணிந்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் செயின் பற்றிய வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல ஒப்பந்தங்களில் செயினுக்குத் தடை இருக்கும்.

மறுபடி சான் ஓசேயிலிருந்து:

டிக்கியில் கூட இருக்க வேண்டியவை: நனையாத ரப்பர் கையுறை, ஹெட்லாம்ப், முட்டி போட ஒரு பழைய பாய் அல்லது தார்ப்பாய். வீட்டு வாசலில் காய்ந்த தரையில் இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். விரல் மரத்துப்போனபின் உள்பக்கக் கொக்கியைத் தேடுவது ரொம்பக் கஷ்டம். ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, தொங்கவிட்டு, முழுக்கக் காய்ந்தபின் பையில் போடுங்கள். ரோட்டு உப்போடு சுருட்டி வைத்தால் அடுத்த டிசம்பரில் துருப்பிடித்த முடிச்சுதான் கையில் வரும்.