ஜூனில் மகளுக்கு கேஜி, பர்மியப் பேச்சு சரியாக வராது. என்ன செய்யலாம்?

பெகு அம்மா:
வணக்கம். நாங்கள் பர்மாவில் பெகுவில் இருக்கிறோம். ஜூனில் மகளை கேஜியில் சேர்க்கிறோம். ஐந்து வயது முடிந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பட்டியல் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. வெள்ளைச் சட்டையும் பச்சைப் பாவாடையும் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

பேச்சுதான் கவலை. பகலெல்லாம் மாமியாரோடு இருப்பதால் வாயைத் திறந்தால் தமிழ்தான். தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது பர்மியம் நாலு வார்த்தை வரும், பெரியவர்களைக் கண்டால் அதுவும் நின்றுபோகும். வீட்டில் மீனா, பள்ளிக்கூடத்துக்கு வைத்த பெயர் தந்தா. தந்தா என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்க்கிறாள். சோறும் பாட்டி ஊட்டினால்தான் இறங்கும்.

இன்றைக்கே வீட்டில் தமிழை நிறுத்து, பர்மிய எழுத்து 33-ஐயும் மனப்பாடம் பண்ண வை என்கிறார் நாத்தனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளைச் சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

தாம்வே மாமா:
நாத்தனார் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள் தங்கச்சி. எங்கள் பையனுக்கு ட்யூஷன் வைத்து எழுத்தெல்லாம் பழக்கித்தான் அனுப்பினோம். முதல் வாரமே கை தூக்கிப் பதில் சொன்னான். தெரியாமல் போய் உட்கார்ந்தால் பிள்ளை மிரண்டுவிடும். தமிழை கோயில் வகுப்பில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வு சயாமா:
மாமா சொல்வதோடு எனக்கு ஒத்துப்போகாது. கேஜி வருவதற்கு முன்பிருந்தே சின்ன வகுப்பு எடுத்த சயாமா, அதாவது டீச்சர், நான். 2016 ஜூனில் கேஜியைத் தனி ஆண்டாகப் பிரித்தார்கள், அதற்கு மேல் 12 வகுப்பு. பாட்டு, விளையாட்டு, கூட்டத்தோடு உட்காரும் பழக்கம், இதற்காக ஒதுக்கிய வருஷம் அது. எழுத்தை அங்கே சொல்லித் தருவார்கள். மூத்திரம் முட்டுகிறது என்று சொல்ல யாரும் சொல்லித் தரமாட்டார்கள், அது வீட்டிலிருந்து வரவேண்டும்.

அதனால் முதலில் இந்த ஒரு வரியைப் பழக்குங்கள்: ‘சயாமா, எயின்தா துவாஜின்பாடே ஷின்.’ கழிப்பறைக்குப் போகணும் என்று கேட்பது இப்படித்தான். பெண்பிள்ளை என்பதால் கடைசியில் ஷின் சேர்க்கணும். எங்கேயாவது வலித்தால் ‘நாடே’. இந்த இரண்டும் தடுக்காமல் வந்தால் முதல் மாதம் ஓடிவிடும். நீங்கள் சொல்லிக் கொடுத்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு பர்மிய அம்மா யாரையாவது சயாமாவாக நடிக்கச் சொல்லுங்கள். மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடையில் அவளையே கேட்டு வாங்க வையுங்கள், கூச்சம் அங்கேதான் உடையும். பள்ளிப் பெயருக்கும் அந்த அம்மாதான் சரி. அவர் வாயில் எப்போதும் தந்தா, உங்கள் வாயில் மீனா. பிள்ளை குழம்பாது.

பாவாடைக்கு எலாஸ்டிக் வைக்கச் சொல்லிவிடுங்கள். நாடாவை அவிழ்க்கத் தெரியாமல், சொல்லவும் தெரியாமல், நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்ட பிள்ளைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒரு தடவை அப்படி ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் என்றாலே வயிறு வலிக்கும். டிபன் கேரியர் கொக்கியை அவளே திறந்து மூடட்டும், கரண்டியால் அவளே சாப்பிடட்டும். சிந்தினால் சிந்தட்டும். ஜூன் என்றால் மழை, மழைக்கோட்டைப் போட்டுக் கழற்றவும் பழக்குங்கள்.

எழுத்து இல்லாமல் உங்களுக்கு மனசு ஆறாது என்றால் வட்டம் போடப் பழக்குங்கள், போதும். பர்மிய எழுத்தில் பாதி வட்டம்தான். முழுசாக மூடினால் வ, மேலே திறந்தால் ப. அதே வட்டம் கீழே திறந்திருந்தால் கங்கையின் இரண்டாவது க மாதிரி ஒலிக்கும் எழுத்து. காலையில் நீங்கள் கோலம் போடும்போது ஓரத்தில் கொஞ்சம் மாவைக் கொடுத்து உட்கார வையுங்கள். விரல் தானாக வளையும்.

வீட்டில் தமிழை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பேச்சை முன்பின்னாகக் கோத்துச் சொல்லத் தெரியும். அது எந்த மொழிக்கும் உதவும். முதல் சில வாரம் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். பயப்படாதீர்கள், காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

தாம்வே மாமா:
எலாஸ்டிக் விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ட்யூஷன் பற்றி என் கருத்து மாறவில்லை.

பெகு அம்மா:
ரொம்ப நன்றி டீச்சரம்மா. தையல்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்னொன்று கேட்கணும். முதல் நாள் அவள் அழுதால் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்கலாமா? மாமியார் வகுப்பு முடியும்வரை அங்கேயே உட்காருகிறேன் என்கிறார்.

ஓய்வு சயாமா:
வேண்டாம் அம்மா. யார் எப்போது கூட்டிப் போக வருவார்கள் என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு, டாட்டா காட்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். சொல்லாமல் நழுவாதீர்கள், மறுநாள் முந்தானையை விடமாட்டாள். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் நில்லுங்கள். மாமியாரை முதல் வாரம் அழைத்துப் போகவே வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் அவர்தான் அழுவார்.