டோனபெசிலுடன் ஆக்ஸிபியூட்டினின்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு அல்சைமர், இரண்டு ஆண்டுகளாக டோனபெசில் சாப்பிடுகிறார். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று வேறொரு மருத்துவர் சென்ற மாதம் ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுத்தார். நேற்றுச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாவது பொத்தானில் நிறுத்திவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கவனம் நிலைக்கவும், புதிதாகக் கேட்டது மனத்தில் பதியவும் மூளைக்கு அசிட்டைல்கோலின் என்ற, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் வேண்டும். முன்மூளையின் அடியில் மெய்னெர்ட் உட்கரு என்ற பகுதியிலுள்ள நரம்பணுக்கள் அதை மூளையின் மேலடுக்கான புறணிக்கு அனுப்புகின்றன. அல்சைமரில் அவை அழிந்துபோகின்றன. எஞ்சிய அசிட்டைல்கோலின் சிதையாமல் காப்பது டோனபெசில். ஆக்ஸிபியூட்டினினோ அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளையே அடைக்கிறது. ஒரு கை ஊற்ற, மறு கை இறைக்கிறது!

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் என்ன மாற்றம் கண்டீர்கள்? நிறுத்திய பிறகு தெளிவு திரும்ப எத்தனை நாள் ஆயிற்று? இதே சிறுநீர்த் தொல்லைக்கான வேறொரு மருந்தான மிராபெக்ரான் இந்த ஏற்பிகளைத் தொடுவதில்லை. அதற்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை இரு மருத்துவர்களிடமும் பேசப் போகிறேன். அதற்குள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.