தலைக்கு மேலே பாடிய குருவி: கூஸன் தீவுக்குப் போய் வந்தவர்களின் அனுபவங்கள்

விக்டோரியா, மாஹே தீவு

சீஷெல்ஸ் நாட்டுக்குக் கணக்கு வேலைக்காக வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கூஸன் தீவுக்குப் போனது சென்ற ஆகஸ்டில்தான். தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் மாதம். பக்கத்துத் தீவான பிராலினிலிருந்து எங்களை ஏற்றிச் சென்ற படகு கரைக்குச் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டது. வெளிப்படகு எதுவும் அங்கே கரை தொடக் கூடாது. எலி இல்லாத தீவு அது. ஒரே ஓர் எலி இறங்கிப் பெருகினாலும் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு முடிவுகாலம்தான். தீவைப் பாதுகாக்கும் காவலர்களின் படகுக்கு மாறினோம். அது அலையோடு அலையாகப் பாய்ந்து மணலில் ஏறி நின்றது.

உடன் வந்தவர்கள் ராட்சத ஆமைகளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் தேடிப்போனது சீஷெல்ஸ் கதிர்க்குருவியை. காவலர் ஒரு மரத்தடியில் நிற்கச் சொன்னார். கொசுக்கடி தாங்க முடியவில்லை. ஆனாலும் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் யாரோ அடிக்குரலில் சீட்டியடிப்பது போலக் கேட்டது. மனிதர் என்றே நினைத்தேன். நிமிர்ந்தால், தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் குருவி! எடை பதினைந்து கிராம் அளவுதான். பச்சை கலந்த பழுப்பு நிறம், நீண்ட மெல்லிய அலகு, நீலச்சாம்பல் கால்கள். கால்களில் வண்ண வளையங்கள். அந்தத் தீவில் ஏறக்குறைய ஒவ்வொரு குருவிக்கும் இப்படி வளையம் போட்டு, அது யாருக்குப் பிறந்தது, யாரோடு சேர்ந்தது என்று பல ஆண்டுகளாகக் குறித்து வருகிறார்கள்.

1968-இல் உலகம் முழுவதிலும் இந்த இனத்தில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அத்தனையும் முப்பது ஹெக்டேர்கூட இல்லாத இந்த ஒரு தீவில்தான். தீவு அப்போது தென்னந்தோப்பு. பறவைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு தீவையே விலைக்கு வாங்கி, தென்னையைக் குறைத்து, பழைய காட்டு மரங்களை வளரவிட்டது. கூண்டில் வைத்து வளர்க்கவில்லை, தீனி போடவில்லை. காடு திரும்பியது, 1980களின் தொடக்கத்தில் குருவிகள் முந்நூறைத் தாண்டிவிட்டன. என்னை மிகவும் நெகிழ வைத்தது இதுதான்.

நான் பார்த்த குடும்பத்தில் ஒரு குஞ்சுக்கு மூன்று பெரிய குருவிகள் இரை கொடுத்தன. மூன்றாவது, முன் ஈட்டில் பிறந்த மகளாம். பெரும்பாலும் ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டைதான். கூட்டை விட்ட பிறகும் குஞ்சுக்கு மாதக்கணக்கில் ஊட்ட வேண்டியிருக்கும். அதனால் மகள் கூடவே தங்கி அடைகாக்கவும் ஊட்டவும் உதவுகிறாள். காற்று அடிக்கும் கரையோரத்தில் உப்புநீர்த் திவலை பட்டு இலை உதிர்ந்து பூச்சி குறைந்துவிடும். அங்கே வாழும் இணைகளுக்குப் பெரும்பாலும் மகன்கள், பூச்சி மிகுந்த உட்பகுதியில் பெரும்பாலும் மகள்கள் பிறக்கிறார்கள். பஞ்சத்தில் வீட்டோடு தங்கும் மகள் இன்னொரு வயிறு. செழிப்பில் அவளே துணை. ஏழ்மையான இடத்து இணைகளை வளமான இடத்துக்கு மாற்றியபோது, அவற்றுக்கும் மகள்கள் பிறக்கத் தொடங்கினவாம். கேட்டதும் உடல் சிலிர்த்தது.

கோயம்புத்தூர்

அண்ணா, படித்ததும் எனக்கு 2017 ஜனவரி நினைவு வந்துவிட்டது. நானும் அங்கே போயிருக்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் வேலிப் புதருக்கு இந்தக் கதிர்க்குருவியின் உறவுக்காரர் வருவார்: பிளித் நாணல் கதிர்க்குருவி. ஆள் கண்ணில் படமாட்டார். ‘டக், டக்’ என்ற குரல் மட்டும் கேட்கும். ஆசியாவின் வடபகுதியிலிருந்து மலைகளையும் பாலைகளையும் கடந்து வருகிறவர். தீவுக்காரரோ சுமார் ஒன்றரை கிலோமீட்டரில், கண்ணுக்கெதிரே தெரியும் கூஸீன் என்ற இன்னொரு தீவுக்குக்கூடப் பறந்து போவதில்லை! அதனால் மனிதர்கள்தாம் சுமந்து போக வேண்டியிருந்தது: 1988-இல் அரீட் தீவுக்கு 29 குருவிகள், 1990-இல் கூஸீனுக்கு 29, 2004-இல் டெனி தீவுக்கு 58, 2011-இல் ஃப்ரிகேட்டுக்கு 59. போன இடமெல்லாம் பெருகிவிட்டன. ஒரே தீவில் நோயோ புயலோ வந்தால் இனமே போய்விடும் என்ற பயம் இப்போது குறைந்திருக்கிறது.

நான் பார்த்தது ஒரு கூடு. தாய் அடைகாக்க, தந்தை பக்கத்துக் கிளையில் காவல். ஃபோடி என்ற தடித்த அலகுக் குருவி ஒன்று நெருங்கியது. முட்டையை உடைத்துத் தின்னும் ஜாதி. இத்தனை சிறிய உடம்பில் அவ்வளவு கோபம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தந்தை அதை மூன்று முறை விரட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பெ சேன்ட் ஆன், பிராலின் தீவு

விக்டோரியாத் தம்பி, காவலர் உங்களை நிற்கச் சொன்ன மரத்தின் பெயரைச் சொல்லவில்லையே! அது பிசோனியா. தமிழ்நாட்டில் நாம் வீட்டு வாசலில் வளர்க்கும் நச்சுக்கொட்டைக் கீரை அந்த மரத்தின் வெளிர்பச்சை வகைதான். மூட்டுவலிக்கு அம்மா அடை சுட்டுத் தருவார். அங்கே இலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. விதைகள் பசை போல ஒட்டும். அதில் கூடு கட்டும் நாடி என்ற கரிய ஆலாக் கடற்பறவைகளின் சிறகுகளில் கொத்தாக ஒட்டிக்கொண்டால் அவற்றால் பறக்க முடியாது, பட்டினியில் செத்துப்போகும். அப்படி விழுந்து கிடந்த ஒன்றைக் காவலர் மடியில் வைத்து, விதை விதையாகப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே மரத்தில் கதிர்க்குருவி வந்து உட்கார்ந்தது. இலையின் மேற்பக்கம் அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் இலைக்கும் கீழே தலையைத் திருப்பி, அடிப்பக்கப் பூச்சியை மட்டும் கொத்திக்கொண்டு அடுத்த இலைக்குப் போனது.

அன்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “மரம் காடாக நிற்கிறதா? யாரும் பறித்துச் சமைப்பதில்லையா?” என்று கேட்டார். “இல்லை அம்மா, எல்லாவற்றையும் குருவிக்கே விட்டிருக்கிறார்கள்” என்றேன்.

டெனி, ஃப்ரிகேட் பக்கம் இந்தக் குருவியைப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்கே எந்த மரத்தில் கூடு கட்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.