ஈரப்பத சென்சார் வைத்த பிறகும் தண்ணீர் செலவு கூடுகிறது. ஒரு வால்வு மூடுவதே இல்லை, இன்னொன்று திறப்பதே இல்லை

கரிசல்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஏக்கர் மிளகாய், சுத்தமான கரிசல். அரை அரை ஏக்கராக இரண்டு பிளாக். சொட்டு நீர்ப் பாசனம். லேட்டரல் (செடி வரிசையோடு ஓடும் சொட்டுக் குழாய்) 16 மி.மீ, ஒவ்வொன்றும் 60 மீட்டர் நீளம், வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர். குழாய்க்குள்ளேயே பதித்த இன்லைன் டிரிப்பர் (சொட்டுவான்) 40 செ.மீ இடைவெளி, மணிக்கு 4 லிட்டர். இதுவரை டைமரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம் என்று இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்), பிளாக்குக்கு ஒரு கெப்பாசிட்டிவ் ஈரப்பத சென்சார், சோலார் பேட்டரியில் ஓடும் லாட்சிங் சோலனாய்டு வால்வு (ஒரு மின் பல்ஸில் திறந்து, இன்னொரு பல்ஸில் மூடுவது) எல்லாம் நானே மாட்டினேன். சென்சார் 10 செ.மீ ஆழத்தில் இருக்கிறது. காற்றில் பிடித்தால் 0, டம்ளர் தண்ணீரில் விட்டால் 100 என்று அளவு வைத்தேன். 40-க்குக் கீழே போனால் திற, 70-ஐத் தாண்டினால் மூடு. புரோகிராம் அவ்வளவுதான்.

நடப்பதே வேறு. முதல் பிளாக்கில் வால்வு திறந்தால் மூன்று மணி நேரம் ஆனாலும் மூடுவதில்லை. கால் வைத்தால் சேறு, சென்சார் 35 என்கிறது. இரண்டாவது பிளாக்கில் எப்போது பார்த்தாலும் 80-க்கு மேல், வால்வு திறப்பதே அபூர்வம். ஆனால் வயலின் கடைசிப் பக்கம் செடியெல்லாம் மதியத்தில் தலை தொங்குகிறது. வாட்டர் மீட்டரைப் பார்த்தால் டைமர் காலத்தைவிட அதிகம் ஓடியிருக்கிறது. சென்சாரை மாற்றவா, புரோகிராமை மாற்றவா?

சாலிடர் கை:
மாற்றும் முன் சென்சாரைச் சோதித்துப் பாருங்க. இந்தக் கறுப்பு போர்டுகளில் குறையோடு வருபவை நிறைய. தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைச்சுட்டு அளவைக் கவனிங்க. உடனே காற்று அளவுக்குத் திரும்பணும். மெல்ல மெல்ல நகர்ந்தால் அதில் இருக்கும் 1 மெகாஓம் ரெசிஸ்டர் கிரவுண்டோடு சேரவில்லை என்று அர்த்தம், ஒரு சாலிடரில் சரியாகும். சிலதில் வோல்டேஜ் ரெகுலேட்டரே இருக்காது. பேட்டரி இறங்க இறங்க அளவும் நகரும், மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

போர்டின் வெட்டு விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். வார்னிஷோ எபாக்ஸியோ பூசாமல் புதைத்திருந்தால், நாளாக ஆக ஈரம் அதிகம் என்றே காட்டும். அப்புறம் எந்தப் பின்னில் சொருகியிருக்கீங்க? இஎஸ்பி32-ல் சென்சார் வோல்டேஜை எண்ணாக மாற்ற ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு தொகுதி இருக்கு. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களில் அனலாக் படிக்க முடியாது. ஏடிசி1 பின்னுக்கு மாத்துங்க.

கரிசல்காட்டான்:
பின் ஏடிசி1 தான். முக்கி எடுத்துப் பார்த்தேன், இரண்டும் உடனே திரும்புகிறது. விளிம்பில் எபாக்ஸி பூசியிருக்கிறேன். வோல்டேஜும் 3.3-ல் அசையாமல் நிற்கிறது.

மண்வெட்டி:
அப்போ போர்டை விடுங்க, மண்ணைத் தோண்டுங்க. கரிசல் காய்ஞ்சா வெடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சென்சார் இருக்கும் இடத்தில் வெடிப்பு விழுந்தால் தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று நிற்கும். சென்சார் அளப்பது தன்னை ஒட்டி இருக்கும் கொஞ்ச மண்ணை மட்டும்தான். ஒட்டி இருப்பது காற்று என்றால் சுற்றி ஏரியே இருந்தாலும் அதுக்குத் தெரியாது. முதல் பிளாக் சென்சாரைப் பக்கவாட்டில் தோண்டி, ஒரு படம் எடுத்துட்டு வாங்க.

இன்னொன்று. உங்கள் 70-க்கு மண்ணில் எந்த அர்த்தமும் கிடையாது. அது காற்றுக்கும் டம்ளர் தண்ணீருக்கும் நடுவில் போட்ட கோடு. நன்றாகத் தண்ணீர் கட்டி, கூடுதல் நீர் வடிய ஒன்றிரண்டு நாள் விட்டுப் படிங்க. அதுதான் உங்கள் வயலின் 'நிறைவு' எண். அங்கிருந்து செடி வாட ஆரம்பிக்கும் வரை இறங்கும் தூரத்தில் மிளகாய்க்குக் கால் பங்கு, மிஞ்சினால் மூணில் ஒரு பங்குக்கு மேல் இறங்க விடக்கூடாது. பிளாக்குக்கு பிளாக் இந்த எண் மாறும்.

பழைய குழாய்:
இரண்டாவது பிளாக்குக்கு வருவோம். தம்பி, சென்சார் லேட்டரலின் எந்தப் பக்கம் இருக்கு? தலைப்பா, வாலா? டிரிப்பருக்கு எவ்வளவு தூரம்?

கரிசல்காட்டான்:
ஐயா, இரண்டிலுமே தலைப்பில். வயர் நீளம் பத்தாது என்று சப்மெயினை (லேட்டரல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாயை) ஒட்டி, மூன்றாவது டிரிப்பருக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன்.

பழைய குழாய்:
அப்படியென்றால் அந்த டிரிப்பர் நலமாக இருக்கிறது என்று மட்டும்தான் சென்சார் சொல்கிறது. வயலைப் பற்றி அல்ல.

டப்பா எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். 4 லிட்டர் டிரிப்பர் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் விட வேண்டும். தலைப்பு, நடு, வால் என்று ஒவ்வொரு பிளாக்கிலும் நாலைந்து லேட்டரலில் பிடித்து மில்லி லிட்டரில் எழுதுங்கள். மிகக் குறைவாக வந்த கால் பங்கு டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் சீர்மை கிடைக்கும். 90 சதவீதம் என்றால் நல்ல வயல். 70-க்குக் கீழே என்றால் எத்தனை புத்திசாலி கன்ட்ரோலர் வைத்தாலும் வாலைக் காப்பாற்றத் தலைப்பை மூழ்கடிக்க வேண்டியதுதான், இல்லை தலைப்பைப் பார்த்து வாலைக் காயவிட வேண்டியதுதான். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
தோண்டியும் பார்த்தாச்சு, டப்பாவும் பிடித்தாச்சு.

முதல் பிளாக்: சென்சார் ஒரு வெடிப்புக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பக்கம் முழுக்க இடைவெளி, விரல் நுழைகிறது. இரண்டு சாண் தள்ளித் தோண்டினால் மண் பிசைந்த மாவு மாதிரி. டிரிப்பர்களில் குறை இல்லை: தலைப்பு 970, நடு 940, வால் 910.

இரண்டாவது பிளாக்: தலைப்பு 960, நடு 880, வால் 430. சில டிரிப்பரில் சொட்டு எண்ணலாம். ஒரு துண்டு லேட்டரலை அறுத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளைப் படிவு. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் 0.2 பார்தான் வித்தியாசம்.

பழைய குழாய்:
ஃபில்டர் பரவாயில்லை. அந்த வெள்ளையில் ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. முதலில் லேட்டரல் கடைசி மூடிகளைச் சில சில வரிசையாகத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் வேகம் வராது, அழுக்கும் வராது. பிறகு அமிலம். ஒரு வாளி கிணற்று நீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் விட்டு பி.எச் 4 வர எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்து அந்தக் கணக்கில் உள்ளே செலுத்துங்கள். குழாயில் சில மணி நேரம் நிற்கவிட்டு, மறுபடி ஃபிளஷ். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. குளோரின் கலந்த நாளில் அமிலத்தைத் தொடவே கூடாது, விஷ வாயு வரும். கையுறை, கண்ணாடி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

நீர்க்கணக்கு:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. சென்சாரே இல்லாமல் இதைச் செய்யலாம். ஒரு டிரிப்பரின் பங்கு 1.2 × 0.4 = 0.48 சதுர மீட்டர். மணிக்கு 4 லிட்டர் என்றால் 8.3 மி.மீ மழைக்குச் சமம். ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர்தான் 1 மி.மீ. இப்போது மூன்று மணி நேரம் ஓடினால் 25 மி.மீ. அரை ஏக்கருக்கு 50,000 லிட்டர்!

தேவை எவ்வளவு? உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1998-ல் வெளியிட்ட கணக்குமுறைப்படி, அன்றைய ஆவியுயிர்ப்பு அளவை (வானிலைப்படி மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் நீர்) பயிர்க்கெழுவால் (பயிருக்கும் அதன் வளர்ச்சிக்கும் ஏற்ற எண்) பெருக்க வேண்டும். குடைமிளகாய்க்கு முழு வளர்ச்சியில் 1.05, அதையே வைத்துக்கொள்ளலாம். 5 மி.மீ ஆவியாகும் நாளில் 5.25 மி.மீ. வழியில் 10 சதவீதம் வீணாகும் என்று வைத்தாலும் 5.8 மி.மீ, அதாவது 42 நிமிடம். செடி சின்னதாக இருக்கும்போது கெழு இன்னும் குறையும். வானிலை எண்ணும் வாட்டர் மீட்டரும் போதும், சென்சாரைப் பிடுங்கிப் போடுங்கள்.

மண்வெட்டி:
பிடுங்க வேண்டாம். கணக்கு சராசரிக்குச் சரி. நேற்று பெய்த மழை வேருக்குப் போனதா, ஓடிவிட்டதா என்று கணக்குக்குத் தெரியாது. சென்சாருக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி: வால்வை மூடுவதை சென்சாரிடம் விடக்கூடாது. சொட்டிய நீர் சென்சாருக்கு வந்து சேர நேரம் பிடிக்கும், மூடிய பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும். 'போதும்' என்று சென்சார் சொல்லும்போது வேரைத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கும்.

அதனால் இன்றைக்குத் திறக்கணுமா வேண்டாமா என்பதை சென்சார் சொல்லட்டும். எவ்வளவு என்பதை லிட்டர் முடிவு செய்யட்டும். நாளுக்கு உச்சவரம்பு போட்டு, அதைத் தாண்டினால் மூடு, எனக்குச் செய்தி அனுப்பு என்று எழுதுங்க. கரிசலில் 8 மி.மீ வேகம் மேலே தேங்கினால் 20 நிமிடம் விட்டு, அரை மணி நிறுத்தி, மறுபடி விடலாம்.

சென்சாரைத் திருப்பிப் புதைக்கும்போது அதே இடத்து மண்ணைக் குழம்பாகக் கரைத்துக் குழிக்குள் ஊற்றி, அதில் சொருகுங்க. டிரிப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நடு வயலில். பிளாக்குக்கு இரண்டு வைத்தால் நல்லது: ஒன்று 15 செ.மீ ஆழம், இன்னொன்று 40 செ.மீ ஆழம். கீழே உள்ளது நனைய ஆரம்பித்தால் அதிகம் விடுறீங்க என்று அர்த்தம். மேலே மூடாக்கு போட்டால் வெடிப்பும் குறையும். திரும்பத் திரும்ப வெடித்தால் டென்சியோமீட்டருக்கு (மண் நீரைப் பிடித்திருக்கும் இழுவிசையை அளக்கும், நீர் நிரப்பிய குழாய்) போங்க, ஆனால் அதுவும் 80 கிலோபாஸ்கல் வரைக்கும்தான். அதுக்கு மேல் காய விட்டால் காற்று ஏறிவிடும், திரும்ப நீர் நிரப்பணும்.

சாலிடர் கை:
ஒரு அவசரக் குறிப்பு. உங்கள் வால்வு லாட்சிங் வகை. திறந்திருக்கும்போது பேட்டரி செத்தால் திறந்தபடியே நிற்கும். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினாலே மூடும் பல்ஸை அனுப்பச் சொல்லுங்க. போர்டு ரீஸ்டார்ட் ஆனதும் செய்யும் முதல் வேலையும் மூடுவதாக இருக்கட்டும்.

கரிசல்காட்டான்:
நுரைத்தது ஐயா, சுண்ணாம்புதான். ஃபிளஷ், அமிலம் இரண்டும் முடிந்து வால் டப்பா 790-க்கு வந்திருக்கிறது. அடைப்பு விடாத சில வரிசைகளில் லேட்டரலையே மாற்றிவிட்டேன். சென்சாரைக் குழம்பு ஊற்றிப் புதைத்தேன், நிறைவு எண் முதல் பிளாக்கில் 62, இரண்டாவதில் 66. லிட்டர் வரம்பும் மூடும் பல்ஸும் போட்டாச்சு. மீட்டர் இப்போது டைமர் காலத்துக்குக் கீழே ஓடுகிறது. ஆனால் கொஞ்சம் மேகமூட்டமாகவும் இருந்தது, அதனால் முழுப் பெருமையையும் சென்சாருக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. வென்சுரியில் (உரக் கரைசலைப் பாசன நீரோடு உறிஞ்சிக் கலக்கும் கருவி) உரம் விட்ட அன்று இரண்டு பிளாக்கிலும் அளவு 6, 7 புள்ளி எகிறுகிறது. தண்ணீர் வழக்கமான அளவுதான்.

மண்வெட்டி:
உரம் உப்பு. மண் நீரில் உப்பு ஏறினால் இந்த வகை சென்சார் ஈரம் அதிகம் என்று படிக்கும். வெயிலில் மண் சூடானாலும் கொஞ்சம் நகரும். உரம் விட்ட நாளிலும் மறுநாளும் சென்சாரைக் கேட்காமல் நீர்க்கணக்கின் நிமிடப்படி ஓட்டுங்க. மற்ற நாளில் விடிவதற்கு முன் எடுக்கும் ஒரே அளவை வைத்து முடிவு செய்யுங்க. எகிறிய அளவு சில நாளில் பழைய இடத்துக்கு இறங்காவிட்டால் உப்பு தேங்குகிறது, அப்போது கிணற்று நீரையும் மண்ணையும் மின்கடத்துத்திறன் பரிசோதனைக்குக் கொடுங்க.